பாதையில் விட்டுப்போனதை மென்பொருள் சத்தமில்லாமல் நிரப்பக் கூடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் கணினிக் கேள்வி-பதில் பகுதியைத் தவறாமல் படிப்பவன் நான். சமீபத்தில் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: ஒரு மென்பொருளில் அறிக்கை தயாரித்துச் சேமிக்கிறேன், 'சேமிக்கப்பட்டது' என்று காட்டுகிறது, ஆனால் ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் எதுவும் இல்லை, இதே மென்பொருள் இன்னொரு கணினியில் ஒழுங்காக வேலை செய்கிறது, என்ன செய்வது? மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பாருங்கள் என்று பதில் வந்திருந்தது. அந்தப் பதிலைப் பார்த்ததும் பதறிவிட்டேன். ஏனென்றால் அவருடைய ஃபைல் பெரும்பாலும் தொலைந்திருக்காது, அவர் நினைக்காத இடத்தில் எழுதப்பட்டிருக்கும், அந்த இடம் மென்பொருள் நிறுவப்பட்ட ஃபோல்டராகவே இருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்படியானால் நீக்கும்போது அதுவும் சேர்ந்து போய்விடலாம்.

விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓட வேண்டிய மென்பொருள்களை எழுதுவதுதான் என் தொழில். இந்த மாதிரிப் புகார்களின் மூலத்தைத் தோண்டினால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்: மென்பொருளிடம் கொடுக்கப்பட்ட ஃபைல் பாதையில் (ஃபைல் எந்த டிரைவில், எந்த ஃபோல்டருக்குள் இருக்கிறது என்று சொல்லும் முகவரி) ஏதோ ஒரு பகுதி இல்லை, இல்லாததை மென்பொருள் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொண்டது, நிரப்பியதை யாரிடமும் சொல்லவில்லை. இதை ஒரு சின்ன நுணுக்கம் என்று தள்ளிவிடுகிறார்கள். ஆனால் மனிதர்களின் படங்களும் கணக்குகளும் காப்புப் பிரதிகளும் காணாமல் போவது இந்தச் சின்ன நுணுக்கத்தில்தான்.

முதலில் பாதையின் முன்பகுதி இல்லாமல் போவதை எடுத்துக்கொள்வோம். 'அறிக்கைகள்/மார்ச்' என்று மட்டும் கொடுத்தால் அது எங்கிருந்து தொடங்குகிறது? ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் 'நடப்பு ஃபோல்டர்' என்று ஒன்றை இயங்குதளம் வைத்திருக்கிறது, அதை முன்னால் ஒட்டிக்கொள்ளும். ஊர் பெயர் எழுதாத முகவரியை, தபால் பெட்டி இருக்கும் ஊரே சேரவேண்டிய ஊர் என்று வைத்துக்கொள்வது மாதிரி. நிரலை எழுதியவர் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை) தன் ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு ஓட்டிப் பார்க்கிறார், ஃபைல் கண்ணெதிரே வந்து விழுகிறது, சரி என்று வெளியிட்டுவிடுகிறார். அதே நிரல் விண்டோஸில் பின்னணிச் சேவையாக ஓடும்போது நடப்பு ஃபோல்டர் விண்டோஸின் சொந்த ஃபைல்கள் இருக்கும் சிஸ்டம்32 ஆகிவிடும். லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தொடங்கிவைக்கும் சேவை என்றால், வேறு எதுவும் குறிப்பிடாத வரை, வேர் ஃபோல்டர், அதாவது எல்லா ஃபோல்டர்களுக்கும் மேலே இருப்பது. குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் க்ரான் மூலம் ஓடினால் பயனரின் சொந்த ஃபோல்டரான ஹோம் ஃபோல்டர். மேக்கில் ஃபைண்டரில் இரட்டை கிளிக் செய்து திறந்தால் மறுபடியும் வேர். நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, நான்கு விதமாகத் தொடங்கியதும் மூன்று விதமான இடங்களுக்குப் போய்விட்டது. இந்த நிலையில் 'என் கணினியில் வேலை செய்கிறதே' என்று எழுதியவர் சொல்வதும் உண்மைதான், 'எனக்கு வரவில்லை' என்று பயன்படுத்துபவர் சொல்வதும் உண்மைதான்.

விண்டோஸில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, அது பலருக்கும் தெரிவதில்லை. 'சி:\அறிக்கை' என்பதும் 'சி:அறிக்கை' என்பதும் ஒன்றல்ல. நடுவில் அந்தப் பின்சாய்கோடு இல்லையென்றால், சி டிரைவின் வேரில் இருக்கும் அறிக்கை என்று பொருள் இல்லை, சி டிரைவில் நாம் கடைசியாக எந்த ஃபோல்டரில் இருந்தோமோ அங்கே இருக்கும் அறிக்கை என்று பொருள். இது எங்கிருந்து வந்தது என்றால், 1981-இல் வந்த முதல் டாஸில் ஃபோல்டர்களே கிடையாது, சிபிஎம் என்ற பழைய இயங்குதளத்தைப் பின்பற்றி டிரைவ் எழுத்து மட்டும்தான் இருந்தது. 1983-இல் டாஸ் 2.0 ஃபோல்டர்களைக் கொண்டுவந்தபோது, டிரைவ் எழுத்தைத் தவிர வேறெதுவும் தெரியாத பழைய நிரல்களும் தொடர்ந்து ஓட வேண்டும் என்பதற்காக, டிரைவ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு நடப்பு ஃபோல்டரை வைத்தார்கள். அந்த ஏற்பாடு இன்றைய விண்டோஸிலும் உயிரோடு இருக்கிறது. சமக் குறியில் தொடங்கும் பெயர் கொண்ட, சாதாரணமாகக் கண்ணில் படாத என்விரான்மென்ட் வேரியபிள்களில் (நிரல்களுக்கு இயங்குதளம் கொடுக்கும், பெயரிட்ட மதிப்புகள்) அந்தத் தகவல் ஒளிந்திருக்கிறது. இதற்கு எதிர்ப்பக்கமாக '\அறிக்கை' என்று டிரைவ் இல்லாமல் வேர் மட்டும் கொடுத்தால், இப்போது எந்த டிரைவில் இருக்கிறோமோ அந்த டிரைவின் வேர்.

லினக்ஸிலும் மேக்கிலும் பாதை சாய்கோட்டில் தொடங்கினால் முழுப் பாதை, இல்லையென்றால் அரைப் பாதை, அவ்வளவுதான். விண்டோஸில் முழுப் பாதை, டிரைவ் உண்டு வேர் இல்லை, வேர் உண்டு டிரைவ் இல்லை, இரண்டுமே இல்லை என்று நான்கு நிலைகள் இருக்கின்றன (பிணையக் கணினிகளுக்கான இரட்டைப் பின்சாய்கோட்டுப் பாதையை நான் இதில் சேர்க்கவில்லை). லினக்ஸில் பழகியவர்கள் 'முழுப் பாதையா இல்லையா' என்று ஒரே ஒரு கேள்வியை எழுதிவிட்டு விண்டோஸுக்கு வருகிறார்கள், அங்கே அந்த இரண்டு அரைகுறை நிலைகளும் எந்தப் பக்கம் விழும் என்று யோசிப்பதில்லை. மொழிகளை உருவாக்குபவர்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள். மைக்ரோசாஃப்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட்டில் நெடுங்காலமாக இருந்த 'பாத் ரூட்டடா' என்ற சோதனை 'சி:அறிக்கை'க்கும் ஆமாம் என்றே சொல்லும். முழுமையான பாதையா என்று சரியாகக் கேட்பதற்கு டாட்நெட் கோர் 2.1-இல்தான் தனியாக ஒன்று வந்தது. பைத்தானோ, விண்டோஸில் ஒற்றைச் சாய்கோட்டில் தொடங்கும் டிரைவ் இல்லாத பாதையை முழுப் பாதை என்றே எண்ணிக்கொண்டிருந்தது, 3.13 பதிப்பில்தான் அதை மாற்றினார்கள்.

இரண்டு பாதைகளை ஒட்டும்போதும் இதே கதைதான். சேமிப்பு ஃபோல்டர் ஒன்று, பயனர் கொடுத்த பெயர் ஒன்று, இரண்டையும் சேர்க்கச் சொல்கிறோம். பயனர் கொடுத்தது ஒரு முழுப் பாதையாக இருந்துவிட்டால், பைத்தான், ஜாவா, ரஸ்ட் மொழிகள், டாட்நெட்டின் பழைய 'கம்பைன்' வசதி எல்லாமே முதல் பகுதியைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டாவதை மட்டும் வைத்துக்கொள்ளும். கோ மொழியும், ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடின் 'ஜாயின்' வசதியும் அப்படிச் செய்யாது, இரண்டையும் வரிசையாக ஒட்டிவிடும். இதில் எது சரி என்று வாதாடலாம். ஆனால் ஒரு மொழியில் எழுதியதை இன்னொரு மொழிக்கு மாற்றி எழுதும்போது இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் விட்டால், ஒரு சேமிப்பு ஃபோல்டருக்குள் அடங்க வேண்டிய ஃபைல் கணினியில் எங்கு வேண்டுமானாலும் போய் உட்காரும்.

அப்புறம் காலி மதிப்பு. செட்டிங்ஸில் சேமிப்பு இடம் என்ற பெட்டியை ஒருவர் நிரப்பாமல் விட்டுவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலிப் பாதையைத் திறக்கச் சொன்னால் லினக்ஸின் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) முடியாது என்று மறுத்துவிடும், யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொது விதியான போஸிக்ஸும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்தக் காலி மதிப்பு நேராகக் கெர்னலுக்குப் போவதில்லையே, வழியில் நூலகங்கள் (நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும், முன்பே எழுதிவைத்த நிரல் தொகுப்புகள்) இருக்கின்றன. பைத்தானின் பாத்லிப் காலியை ஒற்றைப் புள்ளியாக, அதாவது 'இங்கே' என்று மாற்றிவிடும். நோடின் ரிசால்வும் காலியைக் கொடுத்தால் நடப்பு ஃபோல்டரைத் திருப்பித் தரும். 'எதுவும் சொல்லப்படவில்லை' என்பது 'இங்கேயே வை' என்று ஆகிவிட்டது. நடுவில் ஒரு எச்சரிக்கை, ஒரு கேள்வி, எதுவும் இல்லை. உங்கள் வாசகருக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

காலி மதிப்பு எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதற்கு 2015 ஜனவரியில் வெளியே வந்த ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். லினக்ஸுக்கான ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளின் தொடக்க ஸ்கிரிப்டில் (திறக்கும்போது ஓடும் கட்டளைத் தொகுப்பு), தான் எந்த ஃபோல்டரில் இருக்கிறோம் என்று கண்டுபிடித்து ஒரு வேரியபிளில் வைத்துக்கொள்ளும் வரி இருந்தது. அந்த ஃபோல்டருக்குப் போக முடியாவிட்டால் வேரியபிள் காலியாகவே நின்றுவிடும். பின்னால் வேறொரு வரியில், அந்த வேரியபிளுக்குப் பக்கத்தில் ஒரு சாய்கோடும் நட்சத்திரமும் போட்டு, அதற்குள் இருப்பதையெல்லாம் அழி என்று இருந்தது. முன்பகுதி காலியானால் மிச்சம் இருப்பது சாய்கோடும் நட்சத்திரமும் மட்டும்தான், அதாவது வேரிலிருந்து எல்லாமே. தன் ஸ்டீம் ஃபோல்டரை வேறு டிஸ்க்குக்கு நகர்த்திவிட்டுப் பழைய இடத்தில் ஒரு இணைப்பு வைத்திருந்த ஒரு பயனருக்கு இது நடந்தது. அவருடைய ஃபைல்கள் அத்தனையும், கணினியில் செருகியிருந்த வெளி டிஸ்க்கில் இருந்தவை உட்பட, அழிந்துபோயின. அந்த அழிக்கும் வரிக்கு மேலே 'பயமாக இருக்கிறது' என்ற அர்த்தத்தில் ஒரு குறிப்பை எழுதியவரே போட்டு வைத்திருந்தார். பயம் வந்த இடத்தில் செய்திருக்க வேண்டியது ஒரு வரி வேலை: ஷெல்லில் (கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் நிரல்) வேரியபிளின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் போட்டால், அது காலியாக இருக்கும்போது ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும்.

இதற்கு நேர்மாறான நல்ல முன்மாதிரியும் லினக்ஸ் உலகத்திலேயே இருக்கிறது. செட்டிங்ஸ் ஃபைல்களை எங்கே வைப்பது என்பதற்கான எக்ஸ்டிஜி விதிமுறையில், அதற்கான என்விரான்மென்ட் வேரியபிள் இல்லையென்றாலோ காலியாக இருந்தாலோ ஹோமுக்குள் இருக்கும் '.கான்ஃபிக்' ஃபோல்டர் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த வேரியபிளில் அரைப் பாதை கொடுக்கப்பட்டிருந்தால் அதைச் செல்லாதது என்று எடுத்துக்கொண்டு ஒதுக்கிவிட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். விடுபட்டால் என்ன செய்வது, அரைகுறையாக வந்தால் என்ன செய்வது, இரண்டுக்கும் பதில் முன்கூட்டியே எல்லோரும் படிக்கும்படி இருக்கிறது. நிரப்புவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. இப்படி விதி போட்டு நிரப்பினால் யாருக்கும் புகார் இருக்காது.

அலைக்குறியையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். '~/ஆவணங்கள்' என்று எழுதினால் ஹோம் ஃபோல்டர் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள், ஆனால் அதை ஹோமாக மாற்றுவது ஷெல்தான், இயங்குதளம் அல்ல. செட்டிங்ஸ் பெட்டியில் அதையே எழுதினால், மென்பொருள் மாற்றத் தெரியாததாக இருந்தால், நடப்பு ஃபோல்டருக்குள் '~' என்ற பெயரிலேயே ஒரு ஃபோல்டர் முளைக்கும். அதைப் பார்த்துக் குழம்பி, டெர்மினலில் அந்தப் பெயரைச் சொல்லி அழிக்கப் போனால், அங்கே ஷெல் அதை உண்மையான ஹோமாக மாற்றிக்கொடுத்துவிடும். தயவுசெய்து அப்படி ஒரு ஃபோல்டரைப் பார்த்தால் முன்னால் புள்ளியும் சாய்கோடும் சேர்த்து எழுதுங்கள், அல்லது மவுஸால் தேர்ந்தெடுத்து அழியுங்கள்.

பாதையின் நடுவில் ஒரு ஃபோல்டர் இல்லாமல் இருக்கும்போது கேள்வி வேறு மாதிரி ஆகிறது. ஒரு பாதையை அதன் உண்மையான, முழுமையான வடிவத்துக்குக் கொண்டுவா என்று கேட்டால் போஸிக்ஸின் ரியல்பாத், வழியில் ஒரு பகுதி இல்லையென்றாலும் பிழை என்று திருப்பி அனுப்பிவிடும். ரஸ்டின் கனானிகலைஸும் ஜாவாவின் ரியல்பாத்தும் அப்படித்தான். பைத்தானின் ரிசால்வ் ஆரம்பத்தில் இதே போலக் கறாராக இருந்தது, 3.6-இலிருந்து இல்லாத பகுதிகளைக் கண்டுகொள்ளாமல் விடுவதே வழக்கமாகிவிட்டது, கறார் வேண்டுமென்றால் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். அதிலும் விண்டோஸில் ஒரு பிழை: இல்லாத ஃபைலின் அரைப் பாதையைக் கொடுத்தால் முழுப் பாதை ஆக்காமல் அரைப் பாதையாகவே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது, 3.10 வரும்வரை சரியாகவில்லை. இந்த விஷயத்தை ஒழுங்காகப் பிரித்துவைத்தவர்கள் என்று சி பிளஸ் பிளஸ் 17-ஐ உருவாக்கியவர்களைச் சொல்வேன். எல்லாம் இருந்தே ஆக வேண்டும் என்பதற்கு ஒரு பெயர், இருக்கிற வரை உண்மையாகப் போய்விட்டு மீதியை எழுத்தளவில் சேர்த்துக்கொள் என்பதற்கு 'வீக்லி' என்று தொடங்கும் இன்னொரு பெயர். லினக்ஸின் ரியல்பாத் கட்டளையிலும் எல்லாம் இருக்க வேண்டும், கடைசியைத் தவிர எல்லாம் இருக்க வேண்டும், எதுவுமே இருக்க வேண்டாம் என்று மூன்று விருப்பங்கள் உண்டு. எழுதுபவர் எதைக் கேட்கிறோம் என்று யோசித்தே ஆக வேண்டிய நிலையை இவை உண்டாக்குகின்றன, அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

எழுத்தளவில் சேர்ப்பதற்கும் உண்மையாகப் போய்ப் பார்ப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். ஒரு உதாரணம். '/செயலி/இப்போது' என்பது ஒரு சிம்லிங்க் (வேறொரு இடத்தைக் காட்டும் இணைப்பு), அது '/செயலி/பதிப்புகள்/7' என்ற ஃபோல்டரைக் காட்டுகிறது. இப்போது '/செயலி/இப்போது/../அமைப்பு' என்று ஒரு பாதை வருகிறது (இரட்டைப் புள்ளி என்றால் ஒரு படி மேலே). எழுத்தை மட்டும் பார்த்து 'இப்போது'வையும் இரட்டைப் புள்ளியையும் ஒன்றோடொன்று அடித்துவிட்டால் கிடைப்பது '/செயலி/அமைப்பு'. லினக்ஸின் கெர்னல் அப்படிச் செய்யாது, சிம்லிங்க்கைத் தாண்டி 7-க்குள் போய், அங்கிருந்து ஒரு படி மேலே ஏறி '/செயலி/பதிப்புகள்/அமைப்பு' என்ற இடத்தில் நிற்கும். விண்டோஸில் சாதாரணமாகப் பாதை ஃபைல் சிஸ்டத்தை (டிஸ்க்கில் ஃபைல்களை ஒழுங்குபடுத்தி வைக்கும் அமைப்பு) அடைவதற்கு முன்னாலேயே இரட்டைப் புள்ளிகள் எழுத்தளவில் அடிக்கப்பட்டுவிடும். ஒரே எழுத்து, இரண்டு அமைப்பு ஃபைல்கள். இரண்டும் இருந்துவிட்டால் பிழைகூட வராது, தவறான செட்டிங்ஸோடு மென்பொருள் அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும்.

சிம்லிங்க்கே வேண்டாம், அந்த ஃபோல்டர் இல்லாமல் இருந்தால் போதும். 'இல்லாதது/../அமைப்பு' என்று கொடுத்துப் பாருங்கள். லினக்ஸ் 'இல்லாதது' என்ற படியிலேயே நின்று, அப்படி எதுவும் இல்லை என்று சொல்லிவிடும். விண்டோஸ் அமைப்பு ஃபைலைத் திறந்து கொடுத்துவிடும், ஏனென்றால் இல்லாத அந்தப் பகுதி கணக்கிலிருந்து முன்பே போய்விட்டது. விண்டோஸில் எழுதிச் சோதித்த மென்பொருள் லினக்ஸுக்கு வந்ததும் 'ஃபைல் இல்லை' என்று அழுவதற்கு எழுத்துகளின் பெரிய, சிறிய வடிவத்துக்கு அடுத்தபடியாக நான் அதிகம் பார்த்த காரணம் இது.

பிழைச் செய்தியைப் பற்றி எனக்குக் கோபமே இருக்கிறது. விண்டோஸ் உள்ளுக்குள் இரண்டு பிழை எண்களை வைத்திருக்கிறது: 2 என்றால் கடைசி ஃபைல் இல்லை, 3 என்றால் அதற்குப் போகும் வழியிலேயே ஏதோ இல்லை. லினக்ஸில் இரண்டுக்கும் ஒரே பிழைதான், நடுவில் ஃபோல்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஃபைல் இருந்தால் மட்டும் வேறொன்று வரும். பல இயங்குதளங்களுக்கு எழுதுபவர்கள் இவற்றையெல்லாம் ஒரே பாத்திரத்தில் கொட்டி 'ஃபைல் கிடைக்கவில்லை' என்று ஒற்றை வரியாக்கிவிடுகிறார்கள், பாதையைக்கூடக் காட்டுவதில்லை, காட்டினாலும் பயனர் தட்டிய அரைப் பாதையை அப்படியே திருப்பிக் காட்டுகிறார்கள். இல்லாத பாதையில் ஒவ்வொரு படியாகப் பின்னால் வந்து, எதுவரை இருக்கிறது என்று பார்க்கும் ஒரு சின்ன லூப் போதும்: '/தரவு/படங்கள்' வரை இருக்கிறது, அதற்குள் '2024' இல்லை. இப்படிச் சொன்னால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கணினி தெரியாதவருக்கும் புரியும்.

இதை நான் சொல்லும்போது என் துறையில் இருப்பவர்கள் வழக்கமாக ஒரு பதில் வைத்திருப்பார்கள்: பயனரைத் தொந்தரவு செய்யாதே, ஃபோல்டர் இல்லையென்றால் நீயே உருவாக்கிக்கொள். மென்பொருளுக்கே சொந்தமான தரவு ஃபோல்டருக்குள் இது சரி. அங்கே புதிதாக ஒன்றை உருவாக்க யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் பயனர் சொன்ன பாதையில் நடுவில் மூன்று ஃபோல்டர்கள் இல்லையென்றால், அவர் எழுத்துப் பிழை செய்திருக்கிறார், அல்லது டிஸ்க் செருகப்படவில்லை என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். எங்கள் வேலையில் நேரில் பார்த்தது ஒன்று: ஓர் அலுவலகத்தில் காப்புப் பிரதி இரவில் வெளி டிஸ்க்கில் எழுதப்பட வேண்டும். லினக்ஸில் டிஸ்க் மவுண்ட் ஆகும் இடம், அதாவது அதில் இருப்பவை தெரியும் இடம், ஒரு சாதாரண ஃபோல்டர்தான், டிஸ்க் இல்லாதபோதும் அது காலியாக அங்கேயே இருக்கும். ஒரு நாள் டிஸ்க்கைக் கழற்றிவிட்டார்கள். நிரல் அந்தக் காலி ஃபோல்டரைப் பார்த்தது, உள்ளே வேண்டிய ஃபோல்டர்கள் இல்லை என்று தானே உருவாக்கிக்கொண்டது, தினமும் 'வெற்றி' என்று லாகில் எழுதிக்கொண்டு, எந்த டிஸ்க்கைக் காப்பாற்ற வேண்டுமோ அதே டிஸ்க்கில் பிரதியை வைத்துக்கொண்டிருந்தது. பிறகு வெளி டிஸ்க்கை மறுபடி செருகியதும் அந்தப் பிரதிகள் அதற்கு அடியில் மறைந்துவிட்டன; இடம் மட்டும் நிறைந்துகொண்டே போகிறது, எதனால் என்று தெரியவில்லை. அந்த நிரல் முதல் நாளே 'டிஸ்க் இல்லை' என்று நின்றிருந்தால் ஒரே ஒரு தொலைபேசி அழைப்போடு முடிந்திருக்கும்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொன்று. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், அல்லது இடப்பக்கக் கொம்பையும் வலப்பக்கக் காலையும் தனித்தனியாக வைக்கலாம். யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம், திரையிலும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் லினக்ஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டங்களும் விண்டோஸின் என்டிஎஃப்எஸும் இரண்டையும் வேறுவேறு பெயராகவே எடுத்துக்கொள்ளும். மேக்கின் ஏபிஎஃப்எஸ் ஒன்றாக எடுத்துக்கொள்ளும், அதற்கு முந்தைய எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்தே சேமித்துவந்தது. பழைய மேக்கிலிருந்து நகலெடுத்த 'கொள்முதல்' ஃபோல்டர் லினக்ஸில் கண்ணுக்குத் தெரிகிறது, பெயரைத் தட்டச்சு செய்தால் இல்லை என்கிறது. அந்த நேரத்தில் 'இல்லாததை உருவாக்கிக்கொள்' என்று எழுதப்பட்ட மென்பொருள், பக்கத்திலேயே அச்சு அசலாக இன்னொரு 'கொள்முதல்' ஃபோல்டரை உருவாக்கிவைக்கும். பெயரை ஒப்பிடுவதற்கு முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர பெரும்பாலான மொழிகளில் வசதி இருக்கிறது, ஆங்கிலப் பெயரை மட்டும் வைத்துச் சோதிப்பவர்களுக்கு அதன் தேவை தெரிவதில்லை.

பாதுகாப்பு விஷயத்தில் சுருக்கமாக ஒன்று. ஒரு பாதை குறிப்பிட்ட ஃபோல்டருக்குள்தான் இருக்கிறதா என்று எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தால், '/தரவு/படம்' என்பதற்குள்தான் '/தரவு/படம்பழையது' இருக்கிறது என்றுகூட முடிவாகிவிடும். இல்லாத பகுதியை எழுத்தளவில் சேர்த்து 'உள்ளேதான் இருக்கிறது' என்று சோதித்துவிட்டு, பிறகு போய் எழுதுவதற்குள் அந்த இடத்தில் யாராவது ஒரு சிம்லிங்க்கை வைத்துவிட்டால் சோதனையே வீண். அதனால்தான் 2020-இல் வந்த லினக்ஸ் 5.6-இல், இந்த ஃபோல்டரைத் தாண்டி வெளியே போகாதே என்று திறக்கும்போதே கெர்னலிடம் சொல்லும் வசதி வந்தது. கோ மொழியும் 1.24 பதிப்பில் இதே எண்ணத்தோடு ஒன்றைச் சேர்த்திருக்கிறது. இவற்றைப் பயன்படுத்துங்கள், நீங்களாகவே எழுத்துச் சரத்தை வெட்டி ஒட்டிச் சோதிக்காதீர்கள் என்று மட்டும் இளம் நிரலாளர்களுக்குச் சொல்வேன்.

அந்த வாசகருக்கு வருகிறேன். அவர் மென்பொருளை இன்னும் நீக்கவில்லை என்றால், நீக்குவதற்கு முன் சில இடங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபைலின் பெயரை வைத்து முழு டிஸ்க்கையும் தேடுவது முதல் வேலை. விண்டோஸ் என்றால் மென்பொருள் நிறுவப்பட்ட ஃபோல்டர், ஹோம் ஃபோல்டர், சிஸ்டம்32 மூன்றையும் தனியாகப் பார்க்க வேண்டும். 64-பிட் விண்டோஸில் ஓடும் 32-பிட் மென்பொருள் என்றால் சிஸ்டம்32-இல் எழுதியது சிஸ்வாவ்64 என்ற ஃபோல்டரில் இருக்கும். பழைய மென்பொருளாக இருந்தால் இன்னொரு இடமும் உண்டு: விஸ்டா காலத்திலிருந்து, புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத அனுமதி இல்லாத பழைய மென்பொருள்கள் அங்கே எழுத முயன்றால், விண்டோஸ் அதைப் பயனரின் ஆப்டேட்டா, லோக்கல், வர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டருக்குத் திருப்பிவிடுகிறது. மென்பொருளைப் பொறுத்தவரை சேமித்தாயிற்று, அதனால்தான் அப்படிச் சொல்கிறது. ஃபைல் கிடைத்ததும் செட்டிங்ஸில் சேமிப்பு இடத்தை டிரைவ் எழுத்து, முக்காற்புள்ளி, பின்சாய்கோடு மூன்றும் சேர்த்து முழுப் பாதையாக எழுதிவிட்டால், இனிமேல் அவர் சொன்ன இடத்துக்கே போகும்.

இனி இந்த மாதிரிக் கேள்விகள் வந்தால் பதில் தருபவர் முதலில் இரண்டு விஷயங்களைக் கேட்டு வாங்கும்படி ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: செட்டிங்ஸில் சேமிப்பு இடம் என்று சரியாக என்ன எழுதியிருக்கிறது, மென்பொருளை எப்படித் திறக்கிறார்கள். ஷார்ட்கட் வழியாகத் திறக்கிறார்களா, கணினி தொடங்கும்போது தானாகவே ஓடுகிறதா, ஒரு ஃபைலை இரட்டை கிளிக் செய்து திறக்கிறார்களா என்பது வரைக்கும் கேட்க வேண்டும், ஷார்ட்கட்டின் பண்புகளில் 'ஸ்டார்ட் இன்' என்று ஒரு பெட்டி இருக்கிறது, அதில் இருப்பதையும் சேர்த்து.

அன்புடன்,
மென்பொருள் எழுதும் ஒரு வாசகர்